‘பொட்டக் இன்ன’ என்றார் அப்பா

பாரிசவாதம் வந்து மூன்று நாள் அப்பா ஒரு சொல்லும் கதைக்கவில்லை. நாலாம் நாள் பின்னேரம், பார்வையாளர் நேரத்தில், அம்மா கஞ்சியைக் கரண்டியில் எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனார். அப்பா இடது கையைத் தூக்கி மறித்தார். பிறகு தெளிவாகச் சொன்னார்: “பொட்டக் இன்ன.”

கொஞ்சம் பொறு என்று அர்த்தம். சிங்களம். அந்த ‘ட்ட’வைத் தமிழ் எழுத்தில் சரியாக எழுத வழியில்லை; நாக்கை மடித்து, தொண்டையில் அதிர்வோடு அழுத்த வேண்டும். வாய் ஒரு பக்கம் கோணிக் கிடந்த நிலையிலும் அப்பா அதைச் சரியாக அழுத்தினார்.

அம்மா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு வெளியே போனார். விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பா வாய் திறந்துவிட்டார் என்ற சந்தோஷத்தில் அழுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். “நாப்பத்தொரு வருஷம் ஒண்டா இருந்திருக்கிறன். எனக்குச் சொல்ல அவருக்குத் தமிழில ஒரு சொல்லும் கிடைக்கேல்லையா?” என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவு தொடங்கிய வாசிப்பு இன்னும் நிற்கவில்லை. அம்மாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்பாவுக்குச் சிங்களம் பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல. இன்றைக்கும் அவருக்கு அதை வாசிக்கத் தெரியாது. பதினாலு வயதில் மாமா ஒருவரின் கடையில் வேலைக்கு நின்றபோது காதால் பிடித்தது. பிறகு அதே தெருவில் சொந்தக் கடை போட்டார். கயிறு, வலை, தங்கூசி, தூண்டில் முள்ளு, மிதவை, ஈயக்குண்டு. தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கத் தொடங்கினால் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் எங்கள் திருகோணமலைக் கரைக்கு வந்து, தங்கித் தொழில் செய்ய வாடி என்ற குடில்கள் போட்டுவிடுவார்கள். அந்த மாதங்களில் கடையில் தமிழைவிடச் சிங்களமே அதிகம் கேட்கும். அவர்கள் அப்பாவைக் கூப்பிட்டது ‘முதலாலி’ என்று. முதலாளி என்ற நம்முடைய சொல்தான், சிங்களத்துக்குப் போய் அங்கேயே குடியிருக்கிறது.

திருகோணமலை மாவட்டத்தில் எந்தச் சமூகமும் தனியாகப் பாதியை எட்டுவதில்லை. 2012 கணக்கெடுப்பும் அதைத்தான் காட்டியது. தமிழரையும் முஸ்லிம்களையும் சேர்த்துப் பார்த்தால் தமிழ் கதைப்பவர்களே பெரும்பான்மை. ஆனாலும் இரண்டு மொழி இல்லாமல் இங்கே வியாபாரம் ஓடாது.

அம்மாவின் வீட்டில் சிங்களத்துக்கு வேறு முகம். அம்மப்பா அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் கிளார்க். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபிறகு அரசாங்க ஊழியர்கள் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுதவேண்டி வந்தது. அவர் எழுத மாட்டேன் என்றுவிட்டார். சம்பள உயர்வு நின்றது, வயதுக்கு முன்பே வீட்டுக்கு வந்தார். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் ஏறியது 1987இல், பதின்மூன்றாம் திருத்தத்தோடு. அதைப் பார்க்க அம்மப்பா உயிரோடு இல்லை. இந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் புருஷனின் முதல் சொல் சிங்களத்தில் வந்து விழுந்தது. அவர் தூணைப் பிடித்து அழுததில் எத்தனை வருஷத்துக் கண்ணீர் இருந்தது என்று பிறகுதான் எனக்கு உறைத்தது.

சரி, மூளைக்குள் என்ன நடந்தது?

நான் உட்பட நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருப்பது, இரண்டு மொழிக்கு மூளையில் இரண்டு அறை இருக்கிறது, தேவையான அறையைத் திறந்து மற்றதைப் பூட்டிவிடுகிறோம் என்று. அப்படியில்லை. இரண்டு மொழியும் பெரும்பாலும் ஒரே நரம்புப் பாதைகளில்தான் ஓடுகின்றன. அதைவிட முக்கியம், ஒன்றைக் கதைக்கும்போது மற்றது தூங்குவதில்லை.

இதைக் கண்ணால் பார்க்கும்படி காட்டியவர்கள் மைக்கேல் ஸ்பைவி, வியோரிகா மரியன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், 1999இல். ரஷ்யனும் ஆங்கிலமும் தெரிந்தவர்களை மேசைக்கு முன்னால் இருத்தி, கண் எங்கே போகிறது என்று பதிவுசெய்யும் கருவியை மாட்டினார்கள். மேசையில் சில பொருட்கள். ரஷ்யனில் முத்திரைக்குப் பெயர் ‘மார்க்கா’. முத்திரையை எடுத்து வையுங்கள் என்று ரஷ்யனில் சொன்னபோது, பலருடைய கண் பக்கத்தில் கிடந்த மார்க்கர் பேனாவுக்கு ஒருமுறை போய்வந்தது. அந்த நேரத்தில் ஆங்கிலத்தில் யாரும் கதைக்கவில்லை. அது தேவையும் இல்லை. ஆனால் ‘மார்க்’ என்ற ஒலி காதில் விழுந்ததும் உள்ளே இரண்டு மொழியும் கை தூக்கிவிட்டன.

இதை வாசித்தபோது எனக்குக் கடை வாசல் ஞாபகம் வந்தது. மீனவர்கள் என்னை ‘மல்லி’ என்று கூப்பிடுவார்கள். சிங்களத்தில் தம்பி. எனக்கோ ஒவ்வொரு முறையும் அம்மா அடுப்பில் கொத்தமல்லி வறுக்கும் வாசம் மூக்கில் வந்துபோகும். ‘பொடி எக்கக்’ என்று கேட்பார்கள், சின்னதாக ஒன்று வேண்டும் என்று. முள்ளுப் பெட்டியைக் கை தேடும், மனம் ஒரு நொடி மிளகாய்ப் பொடிக்குப் போய்விட்டு வரும். சிங்களம் சரியாகப் பழகாததால் இப்படி ஆகிறது என்று சின்ன வயதில் வெட்கப்பட்டிருக்கிறேன். நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் அப்படித்தான் ஆகும் என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருக்கலாம்.

வாய்விட்டுச் சொல்லாத சொல்கூட உள்ளே எழுகிறது. கியோம் தியரி, யான் ஜிங் வூ இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் படித்த சீனர்களுக்கு ஆங்கிலச் சொற்களை மட்டும் இரண்டிரண்டாகக் காட்டினார்கள். ரயில், பன்றித்தொடை இறைச்சி. பொருளில் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் சீனத்தில் இரண்டு சொல்லுமே, நெருப்பைக் குறிக்கும் ஒரே எழுத்தில் தொடங்கும். தலையில் பொருத்திய மின்முனைகள் அந்த ஒற்றுமையைப் பிடித்துவிட்டன. பங்கெடுத்தவர்களுக்கோ தாங்கள் சீனத்தைத் தொட்டதே தெரியவில்லை.

அப்படியென்றால் இரண்டு மொழி தெரிந்தவருக்குப் பெரிய வேலை சொல்லைக் கண்டுபிடிப்பதல்ல. வேண்டாத மொழியின் சொல்லை அமுக்கிப் பிடிப்பது. டேவிட் கிரீன் என்ற உளவியலாளர் 1998இல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். எனக்கு அது கரைவலை போடுவது போலத் தோன்றுகிறது. வள்ளம் வலையைக் கடலுக்குள் கொண்டுபோக, கயிற்றின் நுனியைக் கரையில் ஒருவர் விடாமல் பிடித்து நிற்க வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்கு வள்ளம்தான் படும்.

இந்த அமுக்கலுக்கு ஒரு விலை உண்டு. அது நாம் எதிர்பார்க்கும் பக்கத்தில் இல்லை. மியூட்டர், ஆல்போர்ட் இருவரும், இதுவும் 1999இல், இருமொழிக்காரர்களுக்குத் திரையில் ஒன்று முதல் ஒன்பது வரை இலக்கங்களைக் காட்டினார்கள். பின்னணி நிறம் ஒன்றானால் ஒரு மொழியிலும் மற்றதானால் மற்ற மொழியிலும் சொல்ல வேண்டும். மொழி மாறும் இடத்தில் எல்லோரும் ஒரு கணம் தாமதித்தார்கள். ஆனால் பலவீனமான மொழிக்கு மாறும்போது வந்த தாமதத்தைவிட, நன்றாகத் தெரிந்த தாய்மொழிக்குத் திரும்பும்போது வந்த தாமதமே பெரியது. காரணம் இதுதான்: பலமான மொழியை அடக்கப் பலமாக அமுக்க வேண்டும். பலமாக அமுக்கியது மேலே எழவும் நேரம் எடுக்கும்.

இதை நான் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன், பெயர்தான் தெரியாது. அப்பா மீனவர்களோடு அரைமணி நேரம் விலை பேசுவார். முடிந்ததும் என் பக்கம் திரும்புவார். உதடு திறந்து, ஒன்றும் வராமல், ஒரு கணம் அப்படியே நிற்கும். பிறகுதான் “அந்த ஆறு மில்லிமீற்றர் கயிறை எடு” என்பார். யோசிக்கிறார் என்று நினைத்திருந்தேன். அந்த ஒரு கணத்தில் தமிழ் மேலே வந்துகொண்டிருந்தது.

இப்போது கட்டிலுக்குத் திரும்புகிறேன்.

ஸ்கானில் அப்பாவின் அடைப்பு மூளையின் இடப்பக்கம், ஆழமான பகுதியில் இருப்பதாக டொக்டர் காட்டினார். அந்த ஆழத்தில் ‘கோடேட்’ என்ற ஒரு வால் போன்ற உறுப்பு இருக்கிறது. எந்த மொழியை விடுவது, எதைப் பிடிப்பது என்பதில் அதற்குப் பங்கு உண்டு. 2000இல் இத்தாலிய மருத்துவர்கள் எழுதிய ஒரு நோயாளிக்கு ஆர்மேனியன், ஆங்கிலம், இத்தாலியன் மூன்றும் தெரியும். இடது கோடேட்டில் பாதிப்பு வந்தபின் அவர் விரும்பாமலே மூன்றும் கலந்து வந்தன. மொழிகள் அழியவில்லை. பிடித்திருந்த கை தளர்ந்துவிட்டது.

பாரிசவாதத்தில் பேச்சு போன இருமொழிக்காரருக்கு எது முதலில் திரும்பும் என்ற கேள்வி பழையது. பிரான்சில் ரிபோ என்பவர் 1880களின் தொடக்கத்தில், முதலில் பதிந்ததே கடைசிவரை நிற்கும் என்றார். அப்படியானால் தாய்மொழி. 1895இல் பித்ர் என்ற மருத்துவர், நோய்க்கு முன் அதிகம் புழங்கியதுதான் முதலில் வரும் என்றார். இரண்டு பேருக்கும் சாட்சி சொல்ல நோயாளிகள் இருந்தார்கள். பிறகு கனடாவில் மிஷேல் பரடி பழைய பதிவுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தபோது, கூடுதலானோருக்கு இரண்டு மொழியும் சமமாகவே திரும்புவது தெரிந்தது. மிச்சப் பேருக்கு ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், சிலருக்கு ஒன்று வரவே வராது.

பரடியும் அவருடைய சகாக்களும் 1982இல் எழுதிய ஒரு பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை. மொரோக்கோவில் பிள்ளைகளைப் பராமரித்துவந்த கன்னியாஸ்திரி. பிரெஞ்சும் அரபும் தெரிந்தவர். விபத்தில் தலையில் அடிபட்டபின், ஒரு நாள் அரபு சரளமாக வரும், பிரெஞ்சில் ஒரு பொருளின் பெயரும் வராது. அடுத்த நாள் பிரெஞ்சு வரும், அரபு போய்விடும். இல்லாமல் போன மொழி ஒரே இரவில் திரும்பி வருமா? வந்ததென்றால் அது போகவே இல்லை, கைக்கு எட்டாமல் இருந்தது. இதை நான் அம்மாவிடம் சொன்னபோது அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “அப்ப தமிழ் உள்ளுக்கு இருக்குதா?” என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன்.

அப்பாவுக்குச் சிங்களம் முந்தியதற்கு மூன்று காரணம் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். ‘பொட்டக் இன்ன’ அவர் யோசித்துச் செய்த வசனமல்ல. அரை நூற்றாண்டாகக் கடையில் ஒரு நாளைக்கு நூறு தடவை சொன்னது. வணக்கம், எண்ணிக்கை, மந்திரம், ஏச்சு போன்ற தேய்ந்து பழகிய சொற்கள் பேச்சிழப்பிலும் தப்பிப் பிழைப்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்களே கண்டிருக்கிறார்கள். அடுத்தது, வார்டில் அவரைச் சுற்றி நாள் முழுக்கச் சிங்களம். டொக்டரும் தாதி மிஸ்ஸிமாரும் பக்கத்துக் கட்டில்காரரும் அதில்தான் கதைத்தார்கள். காதில் விழுந்துகொண்டேயிருக்கும் மொழி உள்ளேயும் மேலெழுந்து நிற்கும். அம்மா வந்தது ஒரு மணி நேரத்துக்கு.

மூன்றாவது என்னுடைய ஊகம் மட்டுமே. தமிழ் வினை கேட்கும் கூலி பெரியது. நான் போகிறேன், அவன் போகிறான், அவள் போகிறாள், அது போகிறது. வாய் திறக்குமுன் யார், ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்று தீர்க்க வேண்டும். பேச்சுச் சிங்களத்தில் ‘மம யனவா’ என்றாலும் ‘எயா யனவா’ என்றாலும் வினை ஒன்றே. அப்பாவுக்குத் தமிழ் திரும்பத் தொடங்கியபோது முதலில் உதிர்ந்து கிடந்தவை இந்த வால்கள்தான். “நான் போ”, “தங்கச்சி வந்து” என்று நின்றுவிடுவார். பெயர்கள் வந்தன, வினையின் வேர் வந்தது, வால் வரவில்லை. அடிபட்ட மூளைக்கு வாலில்லாத மொழி லேசாக இருந்திருக்கலாம்.

ஒரு விஷயத்தை எழுதாமல் விட முடியாது. அந்த வைத்தியசாலையில் அப்பாவுக்கு எந்தெந்த மொழி தெரியும் என்று யாரும் எங்களிடம் கேட்கவில்லை. சோதித்தது சிங்களத்தில் மட்டும். பதில் பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் வந்தபோது “குழம்பியிருக்கிறார்” என்று கட்டில் அட்டையில் எழுதினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஒருவர், இனி ஒரே பாஷையில் மட்டும் கதையுங்கள், இரண்டும் கதைத்தால் மூளை இன்னும் குழம்பும் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அது பிழை. சொல் கிடைக்காத இடத்தில் மற்ற மொழியின் சொல்லை வைத்துப் பாலம் போடுவது குழப்பமல்ல, அது அந்த மனிதரிடம் மிஞ்சியிருக்கும் திறமை. ஒரு மொழியில் செய்த பயிற்சி சிலருக்கு மற்ற மொழிக்கும் போய்ச் சேர்கிறது, சிலருக்குச் சேர்வதில்லை. அதனால்தான் இரண்டிலும் சோதித்துப் பார்க்க வேண்டும். மூன்று சமூகம் கலந்து வாழும் ஊரில் பாரிசவாதத்தில் விழுந்த ஒருவரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று, நீங்கள் வீட்டில் எதில் கதைப்பீர்கள், வேலையில் எதில் கதைப்பீர்கள் என்பது. கேட்க அரை நிமிடம் போதும்.

இரண்டு மொழி தெரிந்தால் மூளைக்குப் பாதுகாப்பு என்று இப்போது அடிக்கடி சொல்கிறார்கள். அதில் எனக்கு அவசரமில்லை. ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 2013இல், 648 நோயாளிகளைப் பார்த்து, இருமொழிக்காரருக்கு மறதிநோய் சராசரியாக நாலரை வருடம் பிந்தி வருகிறது என்றார்கள். எழுத்தறியாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. 2016இல் அதே குழுவினர் பாரிசவாதம் வந்த 608 பேரைப் பார்த்தார்கள். நினைவும் சிந்தனையும் குறையாமல் தப்பியவர்கள் இருமொழிக்காரரில் நூற்றுக்கு 40.5, ஒருமொழிக்காரரில் 19.6. ஆனால் பேச்சிழப்பு இரு பகுதியாருக்கும் ஏறத்தாழ ஒரே அளவுதான். மற்ற நாடுகளில் செய்த பல சோதனைகளில் இருமொழியின் மேலதிகப் பலன் தெரியவும் இல்லை. ஆகவே அப்பாவின் சிங்களம் அவரைக் காப்பாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். அவர் இன்றைக்கும் கடைக் கணக்கைத் தலையில் வைத்திருக்கிறார், அதுவரைக்கும் எனக்குத் தெரியும்.

வீட்டில் இரண்டையும் விட்டோம். காலையில் அம்மாவோடு தமிழ். கோணேசருக்குப் பாடும் தேவாரத்தை அம்மா தொடங்கினால் அப்பா தடையில்லாமல் கூடப் பாடுவார். அடுத்த நிமிடம் தண்ணீர் என்ற சொல்லுக்குத் தடவுவார். இரண்டாம் மாதத்திலிருந்து பின்னேரங்களில் கடையில் கொண்டுபோய் இருத்தினேன். பழைய வாடிக்கைக்காரர்கள் வந்து பக்கத்தில் இருந்து சிங்களத்தில் கதைத்துவிட்டுப் போவார்கள். அவர்களில் ஒருவர், சிலாபத்துக்காரர், அப்பா ஒரு சொல்லுக்காக எவ்வளவு நேரம் தடவினாலும் எடுத்துக்கொடுக்காமல் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பொறுமையை நான் அவரிடம்தான் பழகினேன்.

பொருட்களில் துவாய், சப்பாத்து, மேசை, அலுமாரி, பாண் எல்லாம் முதலில் வந்துவிட்டன. போர்த்துக்கேயரிடமிருந்து இரண்டு மொழியும் எடுத்துக்கொண்ட சொற்கள், இரண்டிலும் ஏறத்தாழ ஒரே ஒலி. இப்படி இரண்டு மொழிக்கும் பொதுவான சொற்களை இருமொழிக்காரர்கள் வேகமாகச் சொல்கிறார்கள் என்று ஸ்பெயினில் நடந்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. இரண்டு பக்கமும் ஒரே சொல்லை நோக்கித் தள்ளுவதால் அது சீக்கிரம் வெளியே வருகிறது.

போன மாதம் ஒரு பின்னேரம் அம்மா தேத்தண்ணி கொண்டு கடைக்கு வந்தார். அப்பா கயிறு அளந்துகொண்டிருந்தார். வலது கை இன்னும் முழுக்க விரியாததால் ஒரு நுனியை நான் பிடித்து நின்றேன். பாகம் பாகமாக இழுத்து எண்ணினார்.

“எக்க… தெக்க… மூண்டு…”

அங்கே நின்றுவிட்டார். கயிறும் நின்றது. உதடு திறந்தபடி இருந்தது. வாங்க வந்தவரும் பேசாமல் நின்றார். நான் நாலு என்று சொல்லிக்கொடுக்க வாயெடுத்தேன். அம்மா கண்ணால் என்னை மறித்தார். கொஞ்ச நேரம் அவரும் காத்து நின்றார். பிறகு தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தபடி, மெதுவாக, ‘ஹ’ சரியாக வராமல் சொன்னார்.

“அதர.”

சிங்களத்தில் நாலு. அம்மா ஒரு சிங்களச் சொல்லைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்பா அவரைத் திரும்பிப் பார்த்தார். கயிற்றை ஒரு பாகம் இழுத்தார்.

“அஞ்சு,” என்றார்.